கசிவு எந்த வழியாக? காசநோய் மூளையுறை அழற்சியை ஒட்டிய ஒரு மாணவர் ஆய்வுப் பயிற்சி: நிகழ்வு ஆய்வு

உயிர்வேதியியல் முதுநிலைப் படிப்பின் இறுதிப் பருவத்தில் இருந்த மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டுக்காக எங்கள் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் ஒரு பருவம் முழுவதும் பணியாற்றினார். காசநோய் மூளையுறை அழற்சியில், இரத்தத்தில் ஓடும் பொருள்கள் மூளைக்குள் கண்டபடி நுழையாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பு எவ்வாறு பழுதடைகிறது என்பதும், ஸ்டீராய்டு அந்தப் பழுதைச் சரிசெய்கிறதா என்பதும் அவருக்குத் தரப்பட்ட கேள்விகள். இரண்டுக்கும் அவருடைய ஆய்வேடு ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்லவில்லை. நோயாளியின் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த தண்டுவட நீரில் காணப்படும் புரத மிகுதியையும் ஆய்வகத் தட்டில் அளக்கப்படும் கசிவையும் ஒரே நிகழ்வின் இரு அளவுகளாகக் கொள்ள இடமில்லை என்பதையே அது காட்டியது. வழிகாட்டி என்ற முறையில் நான் எதிர்பார்த்ததைவிட இது பயனுள்ள முடிவு என்பதால், அந்தப் பயிற்சி நடந்த விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். மாணவியின் பெயரையும் நிறுவனங்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

இந்த நோயைத் தேர்ந்தது ஏன்

இரத்த-மூளைத் தடுப்பின் பழுதைப் பற்றிப் பேசும் பாடநூல்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பக்கவாதம், அல்சைமர் நோய் ஆகியவைதான் முதலில் வரும். நம் அரசு மருத்துவமனைகளின் நரம்பியல் வார்டுகளிலும் குழந்தைகள் வார்டுகளிலும் அன்றாடம் பார்க்கப்படும் காசநோய் மூளையுறை அழற்சி, அந்தப் பட்டியலில் இருந்தால் கடைசியில் இருக்கும். வாரக்கணக்கில் நீளும் காய்ச்சல், தலைவலி, வாந்தி என்று தொடங்கி, பார்வை நரம்பும் முக நரம்புகளும் பாதிக்கப்பட்டு, நினைவு மங்கி, மூளைக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நோய் இது. சென்னையில் இருந்த காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், குழந்தைகளுக்கு வரும் இந்நோய் குறித்த மூன்று சிகிச்சை ஆய்வுகளின் முடிவுகளை 1986லேயே வெளியிட்டிருக்கிறது. அதே மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. ஆகவே நம் மாணவர் ஒருவர் தடுப்பின் பழுதைப் படிக்க வேண்டுமென்றால் இந்நோயிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று கருதினோம்.

ஆய்வைத் தொடங்குமுன், தண்டுவட நீர் மாதிரிகள் கையாளப்படுவதைப் பார்த்துவர ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்கு அவரை அனுப்பினோம். அசையாமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஒரு சோதனைக் குழாயில், ஏறக்குறைய தெளிந்த நீரின் மேற்பரப்பிலிருந்து கீழ் நோக்கி மெல்லிய நூலாம்படை போன்ற உறைவு இறங்கியிருந்ததை அங்கே அவர் பார்த்தார். இந்நோயின் பழைய ஆய்வுக்கூட அடையாளங்களுள் ஒன்று அது. சில மணி நேரம் குழாயைத் தொடாமல் வைத்திருந்தால்தான் தெரியும். கையில் எடுத்துக் குலுக்கினால் கலைந்துவிடும். முன்பெல்லாம் அந்த உறைவைப் பக்குவமாக எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றிக் காசநோய்க் கிருமியைத் தேடுவார்கள்.

உறைவைக் கட்டும் பொருள் ஃபைப்ரினோஜன். கல்லீரலில் உருவாகி இரத்தத்தில் ஓடும் இப்புரதத்தின் எடை சுமார் 3,40,000 டால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு). ஆரோக்கியமான ஒருவரின் தண்டுவட நீரில் இது இல்லை என்றே சொல்லலாம்; அதனால்தான் அந்த நீர் உறைவதில்லை. இவ்வளவு பெரிய மூலக்கூறு எந்த வழியாக உள்ளே வந்தது என்று மாணவி தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தார். பருவம் முழுவதும் நடந்த சோதனைகளை அந்த ஒற்றை வரி கொண்டு அளந்து பார்த்ததுதான் அவருடைய ஆய்வேட்டின் தனித்தன்மை.

தடுப்பின் அமைப்பு

1885இல் பால் ஏர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயங்களைச் செலுத்தியபோது மற்ற உறுப்புகள் நிறம் ஏற, மூளை பெரும்பாலும் வெளுத்தே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயத்தைப் பற்றும் தன்மை இல்லை என்று அவர் நினைத்தார். எட்வின் கோல்ட்மன் 1913இல் டிரைபன் நீலத்தைத் தண்டுவட நீருக்குள் நேரடியாகச் செலுத்தியபோது மூளை நன்றாகவே நிறமேறியது. ஆகவே தடை மூளைத் திசுவில் இல்லை, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில்தான் எங்கோ இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அந்த இடம் எது என்பதை 1967இல் ரீஸ், கர்னோவ்ஸ்கி இருவரும் மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள். அவர்கள் செலுத்திய பெராக்சிடேஸ் நொதி, நுண்குழாய்ச் சுவரின் செல்களுக்கு இடையே இருந்த இறுக்கமான இணைப்புகளில் நின்றுவிட்டது.

இந்த வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. நம் நிகழ்வுக்குத் தேவையானது ஒன்றுதான்: இத்தடுப்பு இணைப்புகளால் மட்டும் ஆனதன்று. செல்களுக்கு இடையே கிளாடின்-5, ஆக்லூடின் முதலிய புரதங்கள் இடைவெளியை மூடுகின்றன. செல்லுக்கு உள்ளே, ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் உமிழும் நுண்பைப் போக்குவரத்து மிகக் குறைவாக அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. செல் சவ்வில் பி-கிளைகோபுரதம் போன்ற வெளியேற்றிகள், நுழைந்த மருந்துகளைத் திரும்ப இரத்தத்துக்கே தள்ளுகின்றன. இவற்றுக்கு வெளியே அடித்தளச் சவ்வும், பெரிசைட் செல்களும், விண்மீன் செல்களின் பாதங்களும் இருக்கின்றன. இவற்றுள் எது கெட்டாலும் தடுப்பு பழுது என்றே எழுதப்படுகிறது. ஆனால் ஒவ்வொன்றும் கெடும்போது உள்ளே வருவது வேறு வேறு பொருள்.

இதைப் புரியவைக்க மாணவிக்கு முதலில் படிக்கக் கொடுத்தது 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கிளாடின்-5 இல்லாத சுண்டெலிகள் பற்றிய கட்டுரை. அந்தக் குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் இறந்தன. ஆயினும் அவற்றின் மூளைக்குள் கசிந்தவை சுமார் 800 டால்டனுக்குக் குறைந்த சிறு மூலக்கூறுகள் மட்டுமே. ஆல்புமின் போன்ற பெரும் புரதங்கள் அப்போதும் உள்ளே வரவில்லை. இணைப்பின் முக்கியப் புரதத்தை முழுவதும் நீக்கிய பிறகும் பெரிய மூலக்கூறுகள் வெளியிலேயே நின்றன என்றால், குழாயில் கண்ட ஃபைப்ரினோஜனுக்கு இணைப்பு தளர்ந்ததை மட்டும் காரணமாகச் சொல்வது எளிதன்று.

தட்டில் கட்டிய தடுப்பு

உயிருள்ள காசநோய்க் கிருமியை வளர்க்க உயர்நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். முதுநிலை மாணவரை அங்கே பயிற்சிக்கு அனுப்புவது நடைமுறையில் இயலாது, அனுப்பவும் கூடாது. ஆகவே கிருமிக்குப் பதிலாக, இந்நோயில் தண்டுவட நீரில் மிகும் அழற்சிப் பொருள்களுள் ஒன்றான டி.என்.எஃப்-ஆல்ஃபாவைப் பயன்படுத்தினோம். இது கிருமியின் செயலில் ஒரு பகுதியை மட்டுமே பிரதிபலிக்கும் என்பது ஆய்வேட்டின் முதல் இயலிலேயே எழுதப்பட்டது.

செல்களாக எச்.சி.எம்.இ.சி./டி3 என்ற மனித மூளை நுண்குழாய் வரிசையைத் தேர்ந்தோம். வலிப்பு நோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணின் மூளைத் திசுவிலிருந்து எடுத்து, தொடர்ந்து பெருகும்படி மரபணு மாற்றம் செய்து, 2005இல் வெளியிடப்பட்ட வரிசை இது. தட்டின் ஒவ்வொரு கிணற்றிலும் (குழியிலும்) பொருந்தும், கொலாஜன் பூசிய நுண்துளைச் சவ்வுடைய இன்செர்ட்டு என்ற சிறு கிண்ணங்களில் செல்களை விதைத்து, அவை ஒன்றையொன்று தொட்டு ஒரே படலமாகும்வரை வளர்த்தால், மேல் அறை இரத்தப் பக்கம், கீழ் அறை மூளைப் பக்கம் என்று கொள்ளலாம். மேலே ஒரு பொருளை விட்டு, அது கீழே எவ்வளவு விரைவாக வருகிறது என்று பார்ப்பதே சோதனை.

இதில் முதல் அளவீடு மின்தடை. இரு மின்முனைகளை மேல் அறையிலும் கீழ் அறையிலும் வைத்து, செல் படலத்தின் குறுக்கே மின்னோட்டம் எவ்வளவு தடைப்படுகிறது என்று பார்க்கிறோம். செல் இல்லாத இன்செர்ட்டின் அளவைக் கழித்து, எஞ்சியதைச் சவ்வின் பரப்பால் பெருக்க வேண்டும். பெருக்குவதற்குப் பதிலாக வகுத்துவிடும் பழக்கம் வெளியான கட்டுரைகளில்கூட உண்டு. பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அருகில் இருக்கும்போது அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது, சிறிய இன்செர்ட்டுக்குப் போகும்போது முடிவே தலைகீழாகிவிடும்.

இந்த அளவீட்டில் மாணவி பிடித்த முதல் பாடம் வெப்பநிலை பற்றியது. இன்குபேட்டரிலிருந்து தட்டை வெளியே எடுத்து வரிசையாக அளந்துகொண்டே போனால், கடைசிக் கிணறுகளின் மின்தடை முதல் கிணறுகளைவிட எப்போதும் கூடுதலாக வந்தது. மருந்து கொடுத்த கிணறுகள் தட்டின் வலப்பக்கம் இருந்தால் மருந்து தடுப்பை இறுக்கியதாகவும், இடப்பக்கம் இருந்தால் தளர்த்தியதாகவும் தோன்றியது. தட்டு குளிரக் குளிர மின்தடை ஏறும் என்பது கருவியோடு வேலை செய்பவர்களுக்குத் தெரிந்ததே. அவர் கிணறுகளின் வரிசையை மாற்றி, அதே தட்டைத் திரும்ப அளந்து, ஏற்றம் மருந்தைப் பின்தொடரவில்லை, அளக்கும் வரிசையைத்தான் பின்தொடர்கிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு தட்டு அறை வெப்பத்துக்கு முழுவதும் வந்த பின்பே அளப்பது என்று முடிவாயிற்று.

அப்படி அளந்தபோதும் இரண்டாவது சிக்கல் நின்றது. இந்தச் செல் வரிசையின் மின்தடை 30 முதல் 50 ஓம்-சதுர சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும் என்பது பல ஆய்வகங்களில் கண்டது. உயிருள்ள எலியின் மூளைப் பரப்பு நாளங்களில் அளக்கப்பட்டது அதைப் போல் பல மடங்கு, ஆயிரத்துக்கும் மேல். ஏற்கெனவே தாழ்ந்து நிற்கும் அளவில் டி.என்.எஃப் கொடுத்தபின் வரும் சிறு இறக்கத்தை, கிணற்றுக்குக் கிணறு வரும் வேறுபாட்டிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. மின்தடையை மட்டும் வைத்துப் பார்த்தால் டி.என்.எஃப் எதுவும் செய்யவில்லை என்றே எழுத வேண்டியிருந்திருக்கும்.

அதிக மின்தடை தரும் செல்களுக்கு மாறலாமே என்ற யோசனை வந்தது. தண்டுச் செல்களிலிருந்து மூளை நுண்குழாய்ச் செல்களை உருவாக்கும் முறை 2012இல் வெளியாகி, 2014இல் ரெட்டினாயிக் அமிலம் சேர்த்து மேம்படுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கான ஓம் அளவுக்கு மின்தடை தந்ததால் பல ஆய்வகங்கள் அதற்கு மாறின. ஆனால் 2021இல் வெளியான மரபணு வெளிப்பாட்டு ஆய்வு ஒன்று, அப்படி உருவான செல்கள் நாளச் செல்களைவிட, உறுப்புகளின் பரப்பைப் போர்த்தும் எபிதீலியச் செல்களையே ஒத்திருக்கின்றன என்று காட்டியது. மின்தடை உயர்ந்திருந்தது உண்மை. அது மூளை நாளத்தின் மின்தடைதானா என்பதே கேள்விக்குள்ளானது. எண் அழகாக வருகிறது என்பதற்காக மாதிரியை மாற்றுவதில்லை என்று நாங்கள் பழைய செல்களோடே நின்றோம். அந்த முடிவை இன்றும் சரியென்றே கருதுகிறேன்.

மூன்று அளவு மூலக்கூறுகள்

அடுத்து மாணவி ஒளிரும் தடயப் பொருள்களுக்குச் சென்றார். 376 டால்டன் எடையுள்ள சோடியம் ஃப்ளோரசீன் என்ற சாயம், டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியின் 4,000 டால்டன், 70,000 டால்டன் வகைகள் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கிணறுகளில் விட்டு, குறித்த இடைவெளிகளில் கீழ் அறையிலிருந்து சிறிது எடுத்து, எடுத்த அளவுக்குப் புதிய கரைசலை நிரப்பினார். செல் இல்லாத சவ்வே ஓரளவு தடையாக இருக்கும் என்பதால் அதன் பங்கைக் கழித்த பிறகே செல் படலத்தின் ஊடுருவல் தெரியும். இந்தக் கழித்தலைச் செய்யாமல் விட்டால் சிறிய தடயப் பொருளின் வேறுபாடுகள் உண்மையைவிடச் சிறிதாகத் தோன்றும்.

டி.என்.எஃப் மட்டும் கொடுத்தபோது ஃப்ளோரசீனின் ஊடுருவல் தெளிவாகக் கூடியது; 70,000 டால்டன் டெக்ஸ்ட்ரான் ஏறத்தாழ அசையவில்லை. மின்தடை மறைத்ததைச் சிறிய மூலக்கூறு காட்டிக் கொடுத்தது. டி.என்.எஃபுடன் இன்டர்ஃபெரான்-காமா என்ற மற்றோர் அழற்சிப் பொருளும் சேர்த்தபோது பெரிய டெக்ஸ்ட்ரானும் கீழே வரத் தொடங்கியது. இதைக் கண்டதும் பெருங்கசிவு கிடைத்துவிட்டது என்று மாணவி மகிழ்ந்தது இயல்பே. ஆனால் அதே கிணறுகளைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, இணைப்புப் புரதத்தின் கோடு சில இடங்களில் மங்கியிருந்ததோடு, செல் கருக்களே இல்லாத வெற்றிடங்களும் இருந்தன. செல்கள் இறந்து கழன்ற ஓட்டைகள் அவை. இவ்விரு பொருள்களும் சேர்ந்து இந்தச் செல்களில் தற்கொலை நொதிகளைத் தூண்டுவது முன்பே வெளியான செய்திதான்.

இங்கேதான் ஆய்வேட்டின் முதல் வாதம் உருவாயிற்று. ஒரே கசிவு வரைபடத்தில் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்துகொள்ள முடியும்: இணைப்பு தளர்வது, நுண்பைப் போக்குவரத்து கூடுவது, செல்லே இல்லாமல் போவது. பக்கவாதத்தில் இவை ஒரே நேரத்தில் நடப்பதில்லை என்று 2014இல் சுண்டெலி ஆய்வொன்று காட்டியிருக்கிறது. அதில் நுண்பைப் போக்குவரத்து முதல் ஆறு மணி நேரத்திலேயே கூடியது, இணைப்புகள் சிதைந்தது இரண்டு நாள் கழித்துத்தான். ஆகவே எந்த மூலக்கூறைக் கொண்டு, எந்த நேரத்தில் அளந்தோம் என்று சொல்லாமல் தடுப்பு கசிந்தது என்று எழுதினால், படிப்பவர் தமக்குப் பிடித்த காரணத்தை அதில் நிரப்பிக்கொள்வார்.

மீடியத்தில் இருந்த ஸ்டீராய்டு

இரண்டாவது கேள்வி ஸ்டீராய்டு பற்றியது. அதற்குப் பின்னணி வலுவானது. வியட்நாமில் 545 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2004இல் வெளியான ஆய்வில், காசநோய் மருந்துகளோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களில் ஒன்பது மாதத்துக்குள் இறந்தவர்கள் 31.8 சதவீதம், வெற்றுமருந்து பெற்றவர்களில் 41.3 சதவீதம். இறப்பு குறைந்தது, கடும் ஊனம் குறைந்ததாகத் தெளிவாகவில்லை. ஸ்டீராய்டு தடுப்பை இறுக்கி மூளை வீக்கத்தைக் குறைப்பதால்தான் இந்தப் பலன் என்ற விளக்கம் பல நூல்களில் எளிதாகச் சொல்லப்படுகிறது. அதைத் தட்டில் காணலாம் என்பதே எங்கள் திட்டம்.

டி.என்.எஃபுடன் டெக்ஸாமெத்தசோனையும் கொடுத்த முதல் சோதனையில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. மாணவி உடனே சோதனையைத் திரும்பச் செய்யப் போகவில்லை. வளர்ப்பு மீடியத்தில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலை எடுத்து உட்கார்ந்தார். அன்று மாலை என்னிடம் வந்து, "மேடம், நாம் ஊற்றுகிற மீடியத்திலேயே ஹைட்ரோகார்ட்டிசோன் இருக்கிறது. அப்படியென்றால் எல்லாக் கிணறுமே ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறது?" என்று கேட்டார்.

இந்தச் செல்களை வளர்க்கும் வழக்கமான முறைகளில் ஹைட்ரோகார்ட்டிசோன் சேர்ப்பது உண்டு. இணைப்புகள் உறுதியாக அமையவே அதைச் சேர்க்கிறார்கள். மருந்தில்லாத கிணறு என்று நாம் பெயரிட்டது உண்மையில் குறைந்த அளவு ஸ்டீராய்டு பெற்ற கிணறு; மருந்துக் கிணறு கூடுதல் ஸ்டீராய்டு பெற்றது. இரண்டுக்கும் வேறுபாடு சிறிதாக இருந்ததில் வியப்பில்லை. மாணவியின் கேள்விக்குப் பிறகு, படலம் உருவான பின் ஹைட்ரோகார்ட்டிசோனை நீக்கிய தட்டுகள், நீக்காத தட்டுகள் என இரண்டு வகை வைக்கப்பட்டன. நீக்கிய தட்டுகளில் தொடக்கக் கசிவே கூடியிருந்தது, டி.என்.எஃபின் விளைவும் பெரிதாகத் தெரிந்தது. அங்கே டெக்ஸாமெத்தசோன் கொடுத்தபோது ஃப்ளோரசீன் ஊடுருவல் குறைந்ததும் தெளிவாயிற்று. பெரிய டெக்ஸ்ட்ரானில், இன்டர்ஃபெரானும் சேர்ந்த கிணறுகளில், அப்படியொரு மீட்சி கிடைக்கவில்லை. இறந்து கழன்ற செல்லின் இடத்தை ஸ்டீராய்டு மூடாது.

முடிவு சிறியது, ஆனால் அதன் எல்லை தெளிவானது: ஸ்டீராய்டு சிறிய மூலக்கூறுகளின் வழியை இறுக்குகிறது. இறப்பு குறைந்ததற்கு இதுவே காரணம் என்று இங்கிருந்து தாவ முடியாது. வியட்நாம் ஆய்வின் நோயாளிகளில் ஒரு பகுதியினரின் இரத்தத்தையும் தண்டுவட நீரையும் ஆராய்ந்து 2005இல் வெளியான கட்டுரை, டெக்ஸாமெத்தசோன் உயிர்களைக் காத்தபோதும் அங்கே அளக்கப்பட்ட நோயெதிர்ப்புப் பொருள்களில் அதற்கேற்ற வீழ்ச்சி இல்லை என்றது. 2009இல் வந்த தொடர் ஆய்வு, சிகிச்சையின் தொடக்க நாட்களில் எம்.எம்.பி-9 என்ற நொதி குறைவதைக் கண்டது. அந்த நொதி அடித்தளச் சவ்வின் கொலாஜனைச் சிதைப்பது. எங்கள் தட்டில் செல்கள் நின்றது பிளாஸ்டிக் சவ்வின் மேல் பூசிய கொலாஜனில். அதைச் சிதைக்கும் அழற்சிச் செல்களும் அங்கே இல்லை. நோயாளியில் ஸ்டீராய்டு அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது என்றால், எங்கள் மாதிரியில் அது தெரிந்திருக்கவே முடியாது.

இதற்கு மேல் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எச்.ஐ.வி. தொற்றும் உள்ள 520 நோயாளிகளிடம் வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் தெளிவான பலன் தரவில்லை. தடுப்பை இறுக்குவதே முழு விளக்கமாக இருந்தால் இந்த வேறுபாட்டை விளக்குவது கடினம்.

புரதம் மிகுந்தால் கசிவு மிகுந்ததா

தண்டுவட நீரில் வழக்கமான புரத அளவு 100 மில்லிலிட்டருக்கு 15 முதல் 45 மில்லிகிராம். இந்நோயில் அது நூறைத் தாண்டி, சில நேரம் பல நூறுகளுக்கும் போகும். இதைப் பார்த்ததும் தடுப்பு உடைந்தது என்று எழுதுவது வழக்கம். மாணவியும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தார். அவருடைய தட்டுகளோ பெரும் புரதங்கள் எளிதில் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தன. இந்த முரணே அவரை ஜெர்மானிய ஆய்வாளர் ஹன்சோட்டோ ரைபர் 1994இல் முன்வைத்த கருத்துக்குக் கொண்டு சென்றது.

ரைபரின் வாதம் இதுதான். ஆரோக்கியமானவர்களிலும் இரத்தப் புரதங்கள் மிக மெதுவாகத் தண்டுவட நீருக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் நீர் சுரந்து, மொத்தக் கொள்ளளவான ஏறத்தாழ 150 மில்லிலிட்டரை மூன்று நான்கு முறை புதுப்பித்து வெளியேறுவதால்தான் புரதம் தாழ்ந்து நிற்கிறது. ஓட்டம் குறைந்தால், தடுப்பில் எந்த மாற்றமும் இல்லாமலே புரதம் ஏறும். காசநோய் மூளையுறை அழற்சியில் மூளையின் அடிப்பகுதியில் படியும் கெட்டியான கசடு இந்த ஓட்டத்தை அடைத்துவிடுகிறது; மூளைக்குள் நீர் கோத்துக்கொள்வது அதனால்தான். முதுகெலும்பு வழியாக எடுத்த நீரில் புரதம் மிக அதிகமாகவும், தேங்கிய நீரை வடிக்கும் ஷன்ட் என்ற குழாயை வைக்கும்போது மூளை அறையிலிருந்து எடுத்த நீரில் அதைவிடக் குறைவாகவும் இருப்பது நரம்பு அறுவை மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. தடுப்பின் கசிவு ஒன்றே காரணமென்றால் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு இடம் குறைவு.

எனினும் ரைபரின் கருத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு கேள்வியை மூடிவிட முடியாது என்பதையும் மாணவி சரியாகக் குறிப்பிட்டார். ஆரோக்கியத்தில் ஏறக்குறைய இல்லாத ஃபைப்ரினோஜன், நூலாம்படை கட்டும் அளவுக்கு வருவதற்கு ஓட்டத் தேக்கம் மட்டும் போதுமா என்பது ஐயமே. இந்நோயில் மூளையுறை நாளங்களின் சுவர்களே அழற்சியுற்று, சில இடங்களில் அழுகி, சில இடங்களில் அடைபட்டுப் பக்கவாதம் வரை கொண்டு செல்கின்றன. அங்கே நடப்பது இணைப்புத் தளர்வன்று, சுவர்ச் சேதம். அவருடைய தட்டில் இரண்டு அழற்சிப் பொருள்களும் சேர்ந்தபோது தோன்றிய வெற்றிடங்கள், அந்தச் சேதத்தின் மிக எளிய சாயலாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். இருக்கலாம் என்ற சொல்லை நான் வெட்டவில்லை.

மருந்து உள்ளே போகும் வழி

தடுப்பு உடைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வதால் வரும் தீங்கு சிகிச்சையில்தான் அதிகம். உடைந்த தடுப்பின் வழியே மருந்து தாராளமாகப் போகும் என்று நினைக்கத் தோன்றும். காசநோய் மருந்துகளான, 137 டால்டன் எடையுள்ள ஐசோநயாசிடும், பைரசினமைடும் தண்டுவட நீரில் இரத்த அளவுக்கு அருகில் வருகின்றன. அவை நல்ல தடுப்பையே எளிதில் கடப்பவை. 823 டால்டன் எடையுள்ள மற்றொரு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், பெரும்பகுதி இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, பி-கிளைகோபுரதத்தாலும் வெளியே தள்ளப்பட்டு, இரத்த அளவில் 10 முதல் 20 சதவீதம் அளவே தண்டுவட நீரில் காணப்படுகிறது. தண்டுவட நீரில் ஆல்புமின் பல மடங்கு ஏறியிருக்கும் அதே நோயாளியில் ரிஃபாம்பிசின் இவ்வளவு தாழ்ந்திருப்பது, வழிகள் வேறு வேறு என்பதற்கு நோயாளியின் உடலே தரும் சான்று.

ரிஃபாம்பிசினைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கு விடை இன்னும் நேர்கோட்டில் இல்லை. இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 60 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஊசி வழியாகக் கூடுதல் அளவு பெற்றவர்களில் இறப்பு குறைந்தது. வியட்நாமில் 817 நோயாளிகளிடம் வாய்வழியே அளவைக் கூட்டி, லெவோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்த்துக் கொடுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் அந்தப் பலன் இல்லை. ஸ்டீராய்டு தடுப்பை இறுக்கினால் காசநோய் மருந்துகளின் நுழைவும் குறையாதா என்று மாணவி கேட்டது நியாயமான கேள்வி. அப்படிக் குறைவதாகத் தெரியவில்லை என்று தாய்லாந்து ஆய்வொன்று 1991இல் சொல்லியிருக்கிறது. நல்ல தடுப்பையே கடக்கும் மருந்துகளுக்கு இணைப்பின் இறுக்கம் ஒரு பொருட்டில்லை என்பதோடு அது ஒத்துப்போகிறது.

வாய்மொழித் தேர்வும் அடுத்த சோதனையும்

ஆய்வேட்டின் தலைப்பில் இருந்த தடுப்புச் சிதைவு என்ற தொடரை மாணவி கடைசி வாரத்தில் நீக்கி, சிறிய மூலக்கூறு ஊடுருவலில் டி.என்.எஃபின் விளைவும் ஸ்டீராய்டு நீக்கமும் என்று மாற்றினார். கல்லூரிக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. பரபரப்பான தலைப்பு மதிப்பெண் தரும் என்ற நம்பிக்கை நம் கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, பெரிய டெக்ஸ்ட்ரான் இறந்த செல்களின் ஓட்டை வழியே வந்ததா, உயிருள்ள செல்களின் நுண்பைகள் வழியே வந்ததா என்பதை எப்படிப் பிரித்தீர்கள் என்பதுதான். பிரிக்கவில்லை என்று அவர் நேராகச் சொல்லி, எப்படிப் பிரிக்கலாம் என்று பலகையில் வரைந்தார்.

அந்த வரைபடமே அடுத்து வரும் மாணவருக்கான திட்டம். டெக்ஸ்ட்ரானுக்குப் பதிலாக ஒளிரும் குறியிட்ட ஃபைப்ரினோஜனை நேரடியாகவே மேல் அறையில் விடுவது. ஒரே தொகுதித் தட்டுகளில் பாதியை 37 டிகிரியிலும் பாதியை 4 டிகிரியிலும் வைத்து அளப்பது. குளிரில் நுண்பைப் போக்குவரத்து நின்றுவிடும். ஓட்டைகள் வழியே நடக்கும் பரவல் மெதுவானாலும் தொடரும். குளிரில் ஃபைப்ரினோஜன் கீழ் அறைக்கு வருவது நின்றால் செல்லின் ஊடாக வந்தது என்றும், வந்துகொண்டே இருந்தால் ஓட்டை வழியே வந்தது என்றும் கொள்ளலாம். நெடுநேரக் குளிர் இணைப்புகளையே கெடுக்கும் என்பதால் அளவீட்டைக் குறுகிய நேரத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் செல் கருக்களை எண்ணிய பிறகே ஊடுருவலைக் கணக்கிட வேண்டும். இரண்டு வகைத் தட்டுகளிலும் ஹைட்ரோகார்ட்டிசோனைப் படலம் உருவான பின் நீக்கிவிட வேண்டும் என்ற குறிப்பை மாணவி தம் கையெழுத்தில் ஆய்வக நெறிமுறைக் கோப்பின் முதல் தாளில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.